பேச்சாயியின் நிறத்துக்கு மூன்று ட்யூப்

எங்கள் தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவர் சோலைமுத்து. வால்வு திருப்புவதுதான் வேலை. தண்ணீருக்குத் தவம் கிடக்கிற திண்டுக்கல்லில் அந்த வேலைக்கு மரியாதையும் அதிகம், திட்டும் அதிகம். எவ்வளவு திட்டினாலும் மனுஷன் வாய் திறக்க மாட்டார். எனக்குத்தான் வாய் நீளம். தெருக்குழாய்க்கு எதிரே நோட்டுப் புத்தகக் கடை வைத்திருக்கிறேன், சத்தமாகப் பேசாவிட்டால் இங்கே எதுவும் காதில் விழாது.

1997 ஜூலையில் ஒருநாள், மகளுக்கு என்னிடம் வாங்கிப்போன பன்னிரண்டு கலர் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒரு வில்லையைத் தொட்டுக் காட்டினார்.

“மேரிக்கா, இதுல ஸ்கின்னுன்னு போட்டிருக்கே, இது யாரு தோலு?”

வெளிறிய ரோஸ். பல்லி வயிறு மாதிரி இருந்தது. “பெட்டி செஞ்சவன் தோலா இருக்கும், எனக்கென்னப்பா தெரியும்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது.

அவர் மனைவி பேச்சாயி அகரத்துப் பெண். மஞ்சள்காமாலையில் அவள் போனபோது மகள் ஜீவிதாவுக்குப் பதினோரு மாதம். நான் இந்தத் தெருவில் கடை போட்டது அதற்கப்புறம், அதனால் அவளைப் பார்த்ததில்லை. இருந்தது ஒரே ஒரு கருப்பு வெள்ளைப் போட்டோ. அதைப் பெரிதாக்கி, கலர் பூசி, சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். பூசியவன் பேச்சாயியை ரோஸாக்கிவிட்டான். ஜீவிதாவோ நல்ல கருப்பு. சோலைமுத்துவின் அக்கா கருப்பம்மாள்தான் அவளை வளர்த்தது. பிள்ளை சேட்டை செய்யும்போதெல்லாம் “ஒன்னயத் தவுட்டுக்குத்தாண்டி வாங்குனோம்” என்பாளாம். பிள்ளைகளிடம் அதைச் சொல்லாதவர்கள் நம்மில் யார்? நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் இந்தப் பிள்ளை போட்டோவையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்து, அதை நம்பிவிட்டது.

“முந்தாநேத்துக் கேக்குறாக்கா, ‘என்னைய யாருகிட்டப்பா வாங்குனீக, அவுக இப்ப எங்க இருக்காக’ன்னு. வாயால சொன்னா நம்ப மாட்டேங்குறா. அவுக அம்மா கலர அவ கண்ணுல காட்டணும்.”

வீட்டில் கலந்து பார்த்த தாளை விரித்தார். ஸ்கின்னோடு கருப்பைக் கலந்திருக்கிறார். கருப்பான பெண்ணுக்குக் கருப்புக் கலர் என்பது அவர் நினைப்பு. தாளில் இருந்தது அடுப்புச் சாம்பல்.

“பொணத்துக்குப் பூசுன மாதிரி இருக்கேப்பா” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். என் வாய் இருக்கிறதே!

நான் டிராயிங் லோயர் பரீட்சை பாஸ் செய்தவள். ஹையரில் ஃபெயில், அந்தக் கதை இங்கே வேண்டாம். கலர் கலக்கத் தெரியும். மூன்று ட்யூப் எடுத்து வைத்தேன். கிரிம்சன் என்கிற ரத்தச் சிவப்பு, எல்லோ ஓக்கர் என்கிற காவி மஞ்சள், அல்ட்ராமரைன் என்கிற அடர் நீலம்.

“கருப்பு?”

“கருப்பு கெடையாது.”

“அந்தா அலமாரில இருக்கேக்கா.”

“ஒனக்கு விக்க மாட்டேன். பன்னெண்டு கலர் இருந்தா கை அலையும். மூணே மூணு இருந்தாத்தான் எத எம்புட்டுப் போட்டா என்ன வருதுன்னு மனசுல நிக்கும். மொதல்ல மஞ்சளையும் செவப்பையும் கொழப்பு. நீலத்தக் கடைசில கொஞ்சமா தொடு. ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டு அளவ எழுதி வை.”

கால் சுற்று, அரைச் சுற்று என்று வால்வு திருப்பிய கைக்கு அளவு சொல்லித்தரத் தேவையில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு தாளோடு வந்தார். அதில் முப்பது கட்டம். வெல்லம், கருப்பட்டி, பழம்புளி என்று எல்லாம் உயிருள்ள நிறங்கள். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

“செவப்புத் தோலுக்கு ஒண்ணுமே வேணாம்க்கா, தண்ணிய ஊத்துனாப் போதும். கருப்புக்குத்தான் மூணு ட்யூப்பும் கேக்குது. அதுக்குள்ள அம்புட்டுச் செவப்பு கெடக்கு!” என்றார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

“சரி, இதுல பேச்சாயி எது?”

முகம் செத்துப்போயிற்று. “தெரியலக்கா. கருப்புன்னு தெரியும், எந்தக் கருப்புன்னு மறந்துபோச்சு. பத்து வருசமா அந்தப் போட்டோவப் பாத்துப் பாத்து ரோஸுதான் கண்ணுல நிக்குது. எங்க அக்காவக் கேட்டா, போட்டோல இருக்குற மாதிரிதான் இருந்தாங்குது. பொண்டாட்டி கலரு மறந்துபோச்சுன்னு எந்த வாயால புள்ளகிட்டச் சொல்லுவேன்?”

கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “அழுகாத. அவள நீ ஒருத்தன் மட்டுமா பாத்த? இந்தக் குழாய்ல தண்ணி புடிச்சவதான? தாள இங்க வச்சிட்டுப் போ.”

அடுத்துத் தண்ணீர் வந்த அன்று, குடங்கள் வரிசை கட்டி நிற்கும்போது தாளோடு இறங்கினேன். பேச்சாயி எது என்று கேட்டதுதான் தாமதம், பெண்கள் குடத்தை விட்டுவிட்டு மொய்த்துக்கொண்டார்கள். ஒருத்தி பதினாறு என்றாள். சோலைமுத்துவின் பக்கத்து வீட்டு நர்கீஸ், “ஏன், ஒங் கண்ணு அவிஞ்சா போச்சு? பதினேழு!” என்று அவள் கையைத் தட்டிவிட்டாள். இன்னும் இரண்டு பேர் பதினேழிலேயே விரலை வைத்தார்கள். மஞ்சள் நாலு, சிவப்பு மூன்று, நீலம் ஒன்று என்று அதன் கீழே எழுதியிருந்தது.

வரிசையில் குடத்தோடு நின்ற ஜீவிதாவை நர்கீஸ் இழுத்து வந்து, அவள் கையைத் தாளின் மேல் பதினேழை ஒட்டி வைத்தாள். கட்டம் எங்கே முடிகிறது, கை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

“இந்தா பாருங்கடி, பேச்சாயி கையி!”

பிள்ளை, பின்னால் குடத்தோடு நின்ற அத்தை கருப்பம்மாளைத் திரும்பிப் பார்த்தாள். “அத்த, அப்ப நான் அம்மா பெத்த புள்ளதானா?”

கருப்பம்மாள் கிட்டே வந்தாள். “வெளாட்டுக்குச் சொன்னதடி அது. நீ பொறக்கையில அவ கையப் புடிச்சுக்கிட்டு நின்னவளே நான்தான்டி!”

“அப்பறம் ஏன் போட்டோல அப்புடி இருக்காக?”

கருப்பம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “நான்தான் ஸ்டூடியோக்காரன்கிட்டச் சொன்னேன், கொஞ்சம் செவப்பாப் போடுப்பான்னு. நாளைக்கு ஒன்னயப் பொண்ணு பாக்க வாரவுக, அம்மா செவப்புன்னு நெனைக்கட்டுமேன்னு…”

“எங்கம்மாவ அழிச்சிட்டியே அத்த!”

கருப்பம்மாள் குடத்தைப் போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். வால்வு திறக்க வந்து நின்ற சோலைமுத்துவும் கம்பியைப் பிடித்தபடி அழுதார். ஜீவிதா அழவில்லை. தாளின் மேல் வைத்த கையை எடுக்கவும் இல்லை.