முந்தின நாளே ஆற்றுக்குப் போனவர்

சென்ற வெள்ளிக்கிழமை காலை, பால்வாடியில் குழந்தைகளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. மாகறலிலிருந்து சரோஜாவின் அண்ணன் வந்திருந்தார். உள்ளே வராமல் சைக்கிளைப் பிடித்தபடியே, "லலிதாம்மா, தங்கச்சி பூட்டாம்மா. விடியக்கால மார்வலின்னா. டாக்டர்கிட்ட போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிபோச்சி" என்றார். கஞ்சிக்காகக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டு நின்ற குழந்தைதான் என் புடவையை இழுத்து, தான் அங்கே நிற்பதை நினைவுபடுத்தியது.

பிள்ளையார்பாளையத்தில் சரோஜா டீச்சரைத் தெரியாதவர்கள் இல்லை. நானும் அவரும் பால்வாடியில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். வயதும் ஒன்றுதான், பேர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வோம். நான் பாடுவேன், கதை சொல்வேன். அவருக்கு இரண்டும் வராது. குழந்தைகள் விளையாடும்போது அவர் கண் அவர்களையே சுற்றிக்கொண்டிருக்கும்.

கோடை விடுமுறையிலும் பால்வாடியைத் திறந்து வைக்க வேண்டும் என்று சொன்னவர் அவர்தான். அதற்கு முந்தைய கோடையில் எங்கள் தெருவில் ஒரு சிறுவன் கொதிக்கிற சாயக் கொப்பரையில் கையை விட்டுவிட்டான். அம்மா தறியில், அப்பாவும் தறியில். பள்ளிக்கூடம் மூடியிருந்ததால் அண்ணன் அக்காமார் தெருவில் ஆடப் போய்விட்டார்கள். "அந்தப் பையன் எங்க போவான், சொல்லு. போறதுக்கு ஒரு எடம் வேணுமில்ல?" என்று என்னிடம் கேட்டார். அந்த மே மாதம் முதல் தினமும் காலையில் பிள்ளைகள் எங்களிடம் வந்தார்கள்.

விடுமுறை முடிவதற்கு முன் ஒருநாள் பிள்ளைகளை வண்டி கட்டிப் பாலாற்றுக்கு அழைத்துப் போனோம். ஆற்றில் தண்ணீர் இல்லை. பயப்பட எதுவுமில்லை என்று இருவருமே நினைத்தோம். லாரிக்காரர்கள் மணல் அள்ளிய பள்ளம் ஒன்று கரையோரமாக இருந்தது. அதன் சுவர் ஆள் உயரம் இருக்கும். நாங்கள் கட்டுச்சோற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த நேரத்தில் சில பிள்ளைகள் அங்கே ஓடிப்போய், அந்தச் சுவரைக் குடைந்து வீடு கட்டத் தொடங்கியிருந்தார்கள்.

சத்தம் ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. மூட்டை சரிந்தது போல ஓர் ஓசை, அவ்வளவுதான். அடுத்து ஒரு பெண் குழந்தையின் அலறல்: "டீச்சர்! குமுதா உள்ள இருக்கறா!"

நான் எழுந்திருக்கும்போதே சரோஜா பள்ளத்தில் இருந்தார். குமுதா இருந்த இடத்தில் மணல் மட்டுமே இருந்தது. பாவாடையின் ஓரம்கூடத் தெரியவில்லை. வண்டிக்காரர் முனுசாமி மண்வெட்டியோடு ஓடினார். "மம்முட்டி வேணாம்! புள்ள மேல பட்டுடும், கையால வாருங்க! மேல ஏறாதீங்க, இன்னும் சரியும்!" என்று கத்திவிட்டு, சரோஜா என்னைத் திரும்பிப் பார்த்தார். "லலிதா, மத்த புள்ளைங்கள மரத்தாண்ட கூட்டிக்கினு போ. ஒண்ணுகூட எழுந்திரிக்கக் கூடாது."

அழைத்துப்போய் உட்கார வைத்தேன். அங்கிருந்து பார்த்தால் பள்ளத்தின் திறந்த பக்கம் வழியாக, குனிந்து வாரிக்கொண்டிருந்த இருவரும் தெரிந்தார்கள். வாரிய இடத்தில் மணல் மறுபடி மறுபடி வந்து விழுந்தது. முனுசாமி வண்டிப் பலகையைப் பிடுங்கி வந்து, சரிகிற பக்கம் முட்டுக்கொடுத்துத் தன் தோளால் அழுத்தி நின்றார். அதன் பிறகு சரோஜா மட்டும் வாரினார். என் மடியில் இருந்த பொடியன் கேட்டான்: "டீச்சர், குமுதா வூட்டுக்குப் பூட்டாளா?" பாட்டு ஒன்றைத் தொடங்கினேன். ஒரு வரியோடு நிறுத்திவிட்டு, பிள்ளைகளை மறுபடி எண்ணினேன்.

திடீரென்று சரோஜாவின் கைகள் நின்றன. பிறகு முன்னைவிட வேகமாக ஓடின. தலை, தோள், பிறகு முழு உடம்பு. மடியில் ஒருக்களித்துப் போட்டு, வாய்க்குள் விரலை விட்டு மணலை வழித்தார். குழந்தை அசையவில்லை. மறுபடி வழித்தார். முதுகைத் தட்டினார். "குமுதா! ஏய் குமுதா! இருமுடி கண்ணு!" என்ற அவருடைய குரல் ஆறு முழுக்கக் கேட்டது.

அவள் இருமினாள். பிறகு அழுதாள். அத்தனை இனிமையான அழுகையை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை.

மணல் ஏற்ற வந்த ஒரு லாரியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் பிள்ளைகளை வீடு சேர்த்துவிட்டுப் போனபோது, குமுதாவின் தாய் பச்சையம்மா தறியிலிருந்து எழுந்த கோலத்தில் ஓடிவந்தார். மற்றவர்கள் வாய் திறப்பதற்குள் சரோஜா முன்னால் போனார். "புள்ள உசுரோட நல்லா இருக்குது. மணல் சரிஞ்சி உள்ள மாட்டிக்கிச்சி. நாங்க கூட்டிக்கினு போன எடம். முன்னாடியே போய்ப் பாத்திருக்கணும், பாக்கல."

"உன்ன நம்பித்தானேடி அனுப்பினேன்!" என்று பச்சையம்மா அறைந்தார். சரோஜா கன்னத்தில் கை வைக்கவில்லை. நகக்கண்ணெல்லாம் கிழிந்து ரத்தம் கசிந்த அந்தக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

தெருப் பெரியவர்கள் பால்வாடியைக் கோடையில் மூடச் சொன்னார்கள். எனக்கும் அதுவே சரி என்று பட்டது. ஆனால் சில நாட்களில் பச்சையம்மாவே குமுதாவை இழுத்துக்கொண்டு வந்து நின்றார். "நான் தறியில உக்காந்தா இவ சாயப் பட்டறைக்கு ஓடறாம்மா. நீயே வச்சிக்கோ. ஆத்துக்கு மட்டும் வேணாம்."

"ஆத்துக்கும் போவோம்மா. புள்ளைங்க எப்படியும் ஒரு நாளு தனியா போவும். நம்மகூட போனா எங்க நிக்கலாம், எங்க நிக்கக் கூடாதுன்னு தெரிஞ்சிக்கும். இனிமே முந்தின நாளே நான் போய்ப் பாத்துட்டு வந்துடறேன்" என்றார் சரோஜா.

அன்று மாலை அவரிடம் கேட்டேன்: "உனக்குப் பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருக்குது. அது இருக்கட்டும் லலிதா. அது பூட்டா நான் கட்டுச்சோத்த அவுத்துக்கினு உக்காந்துடுவேன்."

அதற்குப் பின் வந்த ஒவ்வொரு கோடையிலும், நாங்கள் போகப்போகிற கிணறு, குளம், தோப்பு எல்லாவற்றுக்கும் முந்தின நாள் வெயிலில் தனியாக நடந்து போய்வந்தார். இன்னொரு விபத்து நடக்கவில்லை.

இரங்கல் கூட்டத்தில் அவரைத் துணிச்சல்காரி என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். இருக்கலாம். எனக்குத் தெரிந்த சரோஜா, கடைசிப் பிள்ளை வீடு சேரும்வரை தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்காதவர். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அந்தப் பயத்தைத்தான். திங்கட்கிழமை பிள்ளைகளைப் பாலாற்றுக்கு அழைத்துப் போகிறோம். நாளை ஞாயிறு. குடையை எடுத்து வாசலில் வைத்திருக்கிறேன்.