அதான் ஒண்ணு இருக்கே!

பிள்ளைப்பேற்றுக்கு வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறவளுக்குக் கைவேலையைவிட வாயை அடக்குகிற வேலைதான் அதிகம். சிவகாசியில் அப்படி ஓர் ஆஸ்பத்திரியின் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் இருக்கிறாள். அடுத்தது வரவே இல்லை. அதனால் நானும் அங்கேயே வைத்தியம் பார்த்துக்கொள்கிறேன். ஒன்றைப் பெற்றுவிட்டு அடுத்ததற்காக அலைகிற தோழிகளே, நம் பாட்டை நமக்குள்ளாவது பேசிக்கொள்வோம்.

அண்ணன் மகள்

எங்கள் ஆஸ்பத்திரிக்குள் குழந்தைகளைக் கூட்டிவரக் கூடாது. பிள்ளைக்கு ஏங்கி உட்கார்ந்திருப்பவர்கள் மனம் நோகும் என்பது டாக்டரம்மாவின் கட்டளை. நியாயம்தான். ஆனால் வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாதவள் பிள்ளையை எங்கே விடுவாள்? அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண் மகளோடு வந்தபோது நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் விடவில்லை. "ஒனக்குத்தான் ஒண்ணு இருக்கே, இங்கன எதுக்கு வந்து எடத்த அடைக்கிற?" என்று கேட்டேவிட்டாள்.

அடுத்த முறை அவள் அதே பிள்ளையோடு வந்து, "எங்க அண்ணன் மக" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் நாடகம் நன்றாகத்தான் போனது. பிறகு அந்தச் சிறுமி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அத்த... அத்த... யம்மா, பசிக்குது!"

ஓடுகிற மெஷின்

அச்சகம் வைத்திருக்கும் முதலாளி ஒருவர் மனைவியோடு வருவார். மூத்த பையன் அவர் தோள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டான். ஊசி, ஸ்கேன், மாத்திரை எல்லாம் அந்த அம்மாவுக்குத்தான். ஒருநாள் அவரையும் பரிசோதனை செய்துகொள்ளும்படி டாக்டரம்மா எழுதியிருந்ததை நான் சொன்னதும் என்மேல் பாய்ந்தார். "எனக்குக் கொறன்னா மூத்தவன் எங்கனருந்து வந்தான்?" காலண்டர் சீசன், ஆர்டர் தலைக்கு மேல் கிடக்கிறது என்று கிளம்பவும் பார்த்தார். நம் வீட்டு ஆண்கள் எல்லோரும் இந்த வசனத்தை ஒரே வாத்தியாரிடம் படித்திருப்பார்கள் போலும். என் வீட்டுக்காரரும் இதையேதான் சொன்னார்.

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மா நிமிர்ந்தார்.

"போன வருசம் நல்லா ஓடுச்சேன்னு ஒங்க மெஷினுக்கு இந்த வருசம் சர்வீஸ் பாக்காமலா விட்டுட்டீக?"

பள்ளி விடுமுறை

மகளுக்கு அன்று விடுமுறை. அவள் அப்பா லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தார். வேறு வழியில்லாமல் அவளைக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார வைத்தேன். கட்டளையைச் சொல்கிறவளே மீறினால் யார் கேட்பது!

அன்றைக்குத்தான் கரு தங்கியிருக்கிறதா என்று பார்த்த என்னுடைய ரத்தப் பரிசோதனை முடிவும் வந்தது. நர்ஸ் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். இந்த முறை ரொம்பவும் நம்பியிருந்தேன். அங்கேயே அழுதுவிட்டேன். வரிசையில் நின்ற ஓர் அம்மா, "அழாதீக, அதான் தங்கமா ஒண்ணு இருக்கே" என்று மகளைக் காட்டினார். ஆறுதலாகத்தான் சொன்னார், எனக்குச் சுருக்கென்றது. இவளை வளர்த்ததால்தானே இன்னொன்றுக்கு மனம் இப்படி அடித்துக்கொள்கிறது, அதை யாரிடம் சொல்வது?

சாயங்காலம் பஸ்ஸில் மகள் ஜன்னலோரம் கேட்டு அடம்பிடிக்கவில்லை. என் தோளில் சாய்ந்துகொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"யம்மா, நான் ஒனக்குப் பத்தலையா?"

ஊர் கேட்டால் காதில் விழாததுபோல் இருந்துவிடலாம், அந்த ஒன்றே கேட்கும்போது டோக்கன் கொடுத்து உட்காரச் சொல்ல முடிகிறதா?