டவர் காலில் பிச்சிக்கொடி

எங்கள் ஊருக்கு நல்ல கரண்டு வேண்டும் என்று கொடுத்த மனுவில் முதல் கையெழுத்து அப்பாவுடையது. அதனால் கரண்டு டவர் எங்கள் தோட்டத்திலேயே வந்து உட்கார்ந்தபோது அவரால் யாரையும் திட்ட முடியவில்லை. அப்போதெல்லாம் கரண்டு ஏறி இறங்கி, மோட்டாரின் காயில் கம்பி எரிந்துபோவது எங்களுக்கு வாடிக்கை. மோட்டாரைக் கழற்றி பைக்கில் கட்டிக்கொண்டு அப்பா சங்கரன்கோவிலுக்குப் போனால், விசைத்தறி வைத்திருப்பவர்களும் அதே புலம்பலோடு கடையில் காத்திருப்பார்களாம். துணை மின்நிலையத்தைப் பெரிதாக்குகிறார்கள், புதிதாக உயர் அழுத்த லைன் வருகிறது என்று தெரிந்த அன்று அப்பா டீக்கடையில் இருந்த எல்லோருக்கும் டீ சொன்னார்.

லைன் வந்தது. வந்த வழியில் அம்மாவின் பிச்சிப்பூத் தோட்டம் இருந்தது.

அம்மாவின் தோட்டம் என்று நான்தான் சொல்கிறேன். காகிதம் அப்படிச் சொல்லவில்லை. வந்த நோட்டீஸில் செத்துப்போன தாத்தாவின் பெயர் இருந்தது, அப்பாவின் பெயர் இருந்தது, பொங்கலுக்கு மட்டும் திருப்பூரிலிருந்து எட்டிப்பார்க்கும் பெரியப்பாவின் பெயரும் இருந்தது. விடியுமுன் மொட்டுப் பறித்து, முதல் பஸ்ஸில் பூச்சந்தைக்கு ஏற்றிவிட்டு, திரும்பி வந்து களை எடுக்கிறவள் பெயர் எந்த மூலையிலும் இல்லை. அளக்க வந்தவர்கள் செடிகளுக்கு நடுவே நின்றவளிடம் கேட்டார்கள்.

"வீட்டுல ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா?"

"இருக்காவ. ஆனா எந்தச் செடி எங்கன நிக்குன்னு அவுகளுக்குத் தெரியாது. என்கிட்ட கேளுங்க."

அவர்கள் சிரித்துவிட்டு அப்பாவைத் தேடிப் போனார்கள்.

மூன்று வரிசைச் செடிகள் போயின. குழி தோண்டி, கான்கிரீட் போட்டு, நாலு காலில் டவர் எழுந்து நின்றது. "கரண்டு வேணும்னு நாமதான கேட்டோம்" என்று அப்பா முனகினார். "கரண்ட யாரு வேண்டாம்னா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா?" என்றாள் அம்மா.

அடுத்த மழைக்கு, பதியன் போட்டு வைத்திருந்த நான்கு பிச்சி நாற்றுகளை எடுத்துப்போய், டவர் காலுக்கு ஒன்றாக நட்டாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனது நான்தான். டவர் வந்த பிறகு காயில் எரியவே இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கரண்டில் ஓடிய மோட்டார் தண்ணீரைத்தான் அம்மா அந்தக் கொடிகளுக்கும் ஊற்றினாள்.

ஆடித்தபசுத் திருவிழா வருவதற்குள் கொடி என் தலையைத் தாண்டிவிட்டது. "உங்க அம்மா டவருக்கே பூ வச்சுவிட்டுட்டாளே" என்று பள்ளிக்கூடத்தில் கேலி. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. லைன் ஆட்கள் வந்து வெட்டிப் போட்டார்கள். அடிக்கட்டை மறுபடி துளிர்த்தது. இன்னொரு தடவை வெட்டினார்கள், சத்தமும் போட்டார்கள். மறுபடியும் துளிர்த்தது. தினமும் தண்ணீர் ஊற்றினால் துளிர்க்காமல் என்ன செய்யும்?

மூன்றாவது தடவை வெட்டுகிற ஆட்களோடு லைன் இன்ஸ்பெக்டரே ஜீப்பில் வந்தார். எங்கள் வீட்டு மோரைக் குடித்துப் பழகிய நல்ல மனிதர். ஏறி வேலை பார்க்கிறவர்களுக்கு ஆபத்து, மேலிடத்துக்கு ரிப்போர்ட் போயாக வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். எழுத அட்டையை எடுத்தவர், தானே ஒரு வழியும் காட்டினார்.

"பக்கத்துலயே தோட்டம் கெடக்கு. கொடி ஓடி தானா வேர் புடிச்சிருக்கும். அப்படித்தானக்கா? அப்படியே எழுதிட்டுப் போயிருதேன்."

அப்பா தலை கழன்று விழுகிற மாதிரி ஆட்டினார். என் முதுகிலும் ஒரு கிள்ளு கிள்ளினார். நானும் ஆட்டினேன்.

"இல்ல சார். நாந்தான் நட்டேன். நாலு காலுலயும் நாந்தான். எழுதிக்கிடுங்க."

"அக்கா, கேஸு கீஸுன்னு ஆயிரும்."

"ஆவட்டும். இந்தத் தோட்டத்துல தானா மொளைச்சது கோரை மட்டுந்தான். மத்ததெல்லாம் நான் நட்டது."

அவர் பெருமூச்சு விட்டு, "சரி, அண்ணாச்சி பேருல எழுதுதேன்" என்றார்.

"நட்டது நானு. அவுக பேரு எதுக்கு?"

எழுதினார். ஒரு நகலைக் கிழித்துக் கொடுத்தார். அம்மா சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கி என்னிடம் நீட்டினாள். "வாசிடி."

ஐந்தாம் வகுப்புக் குரலில் வாசித்தேன். சர்வே எண், டவர் எண், அதன் காலில் பிச்சிக்கொடி வளர்த்தவர் என்று அம்மாவின் முழுப்பெயர். போலீஸ் வரும் என்று எனக்குப் பயம்.

"இன்னொருக்க வாசி."

இன்னொரு தடவை வாசித்தேன். அதன் பிறகு அம்மா ஆட்களிடமிருந்து அரிவாளை வாங்கி நான்கு கொடிகளையும் தானே வெட்டி, வேரையும் தோண்டி எடுத்தாள். வெட்ட வந்த ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் அழுதேன். பயம் போய் ஆத்திரம் வந்துவிட்டது. ஒரே ஒரு 'ஆமா' சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம். வெட்டத்தான் போகிறாள் என்றால் அவ்வளவு வீம்பு எதற்கு? வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா நேராகப் போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து, தாத்தா பெயரிலிருந்த பட்டாவுக்கு மேலே அந்தக் காகிதத்தை மடிக்காமல் வைத்தாள். தப்பை எழுதிக் கொடுத்த காகிதத்தைப் போய் யாராவது இவ்வளவு பத்திரமாக வைப்பார்களா என்று எனக்கு அன்று அவள்மேல் கோபம் கோபமாக வந்தது.