கோணி ஊசியில் தைத்த விசா

மாமாவின் கடையிலிருந்து இன்று காலையில் ஒரு கோணி ஊசி வாங்கி வந்தேன். ஒரு சாண் நீளம், நுனியில் சின்ன வளைவு. வேட்டியில் துடைத்து, குழந்தையைக் கைமாற்றுவது போலக் கொடுத்தார். இந்த ஊசிதான் என்னை அயர்லாந்துக்குப் படிக்க அனுப்பியது என்று கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில் பார்க்கிறவர்களிடமெல்லாம் அவர் சொல்லிவைத்திருக்கிறார். அதில் கொஞ்சம் மிகை உண்டு. கொஞ்சம்தான்.

மாமா என் அம்மாவின் தம்பி. தேனிப் பக்கத்திலிருந்து வந்து, மிளகும் சுக்கும் வந்து இறங்கிய பழைய சாக்குகளை மலிவாக வாங்கி, கிழிசலைத் தைத்து விற்பவர். கல்லூரியிலிருந்து எனக்கு அனுமதிக் கடிதம் வந்த அன்று கடையில் இருந்த அத்தனை பேருக்கும் சாயா வாங்கிக் கொடுத்துவிட்டு, "ஏரோப்ளேனு ஏறப்போறா எங்க அக்கா மக" என்று மூச்சுக்கு முந்நூறு தடவை சொன்னார். ஆனால் விசா என்று ஒன்று இருந்தது. படிப்புச் செலவை ஏற்பவர் யார் என்று காட்ட வேண்டும்: அவருடைய வங்கிக் கணக்கு, வருமான வரிச் சான்று, நோட்டரி கையெழுத்திட்ட உறுதிமொழி. அப்பா சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவர். "என் பாஸ்புக்கைக் காட்டினா விசா ஆபீசே சிரிக்கும்" என்று தானே சொல்லிச் சிரித்தார். மாமாதான் ஸ்பான்சர் என்பதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

சந்தேகம் வந்தது எறணாகுளத்து விசா ஏஜென்சியில் இருந்த அம்மணிக்கு. அச்சனும் அம்மையும் உயிரோடு இருக்கும்போது அம்மாவன், அதாவது தாய்மாமன், எதற்குச் செலவு செய்கிறார் என்று கேட்பார்கள், அதை நம்பும்படி எழுதாவிட்டால் விண்ணப்பம் திரும்பிவிடும் என்றார். மாமாவுக்கோ முகம் சிவந்துவிட்டது.

"எதுக்கா? நான் தாய்மாமன்ல! மடியில உக்கார வச்சு இவளுக்குக் காது குத்துனவன் நான். மொட்டைக்கும் காதுகுத்துக்கும் மாமன் வேணும், படிப்புக்கு மட்டும் ஒதுங்கிக்கிடணுமா?"

தாய்மாமன் உறவு தனக்குத் தெரியும் என்று அம்மணி சிரித்துவிட்டார். "எனக்கு அறியாம் சேட்டா. அங்க உக்காந்திருக்கிற சாயிப்புக்கு அறியில்லல்லோ!"

அந்த சாயிப்புக்கு, விசா ஆபீஸ் வெள்ளைக்காரருக்கு, இதைப் புரியவைப்பதே மாமாவின் ஒரே வேலையாகிவிட்டது. உறவுக்கு அத்தாட்சியாக அம்மாவும் அவரும் ஒரே பெற்றோரின் பிள்ளைகள் என்று காட்டும் பள்ளிச் சான்றிதழ்கள் கிடைத்தன. அவருக்கு அது போதவில்லை. தாய்மாமன் என்று பெயர் போட்ட காதுகுத்து அழைப்பிதழைத் தேடி அம்மாவின் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தார். அழைப்பிதழ் கரையான் வாயில் போயிருந்தது. படம் ஒன்று அகப்பட்டது. மொட்டைத் தலையும் சந்தனமுமாக நான் வாயைப் பிளந்து அழுகிறேன். புதுச் சட்டை போட்ட மாமா என்னை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, என்னைவிட அதிகமாகக் கலங்கிப்போய் உட்கார்ந்திருக்கிறார். இதெல்லாம் பட்டியலில் கிடையாது, வைக்கக் கூடாது என்று அம்மணி கறாராகச் சொல்லிவிட்டார். மாமா நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

விண்ணப்ப மையத்துக்குப் போகும் காலையில்தான் அவர் காகிதக் கட்டை என்னிடம் கொடுத்தார். ஒரு தாள்கூட நழுவிவிடக் கூடாது என்று மொத்தத்தையும் இடது ஓரத்தில் சணல் நூலால் தைத்துவைத்திருந்தார்! மிளகு மூட்டைக்குப் போடும் அதே தையல். திட்டக்கூட நேரமில்லை. உள்ளே என்னை மட்டும்தான் விட்டார்கள். மாமா கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டார்.

கவுண்டரில் இருந்த பெண் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது எந்தா, சாக்கோ?" ஒவ்வொரு தாளையும் தனித்தனியாக ஸ்கேன் செய்ய வேண்டும் என்று கத்தரிக்கோலை எடுத்தாள். கண்ணாடிக்கு அப்பால் மாமா இரண்டு கையையும் ஆட்டி, பிறகு ஏதோ ஒரு நுனியைப் பிடித்து இழுப்பது போல நடித்துக் காட்டினார். சட்டென்று புரிந்தது. உருவாஞ்சுருக்கு. நுனியைப் பிடித்து இழுத்தேன். சர்ரென்று முழுத் தையலும் கழன்று கையோடு வந்துவிட்டது. அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள், எனக்கும் சிரிப்பு வந்தது. தாள்கள் பிரிந்த இடத்தில், வங்கிக் கணக்குக்கும் உறுதிமொழிக்கும் நடுவில், அந்தப் படம் இருந்தது.

"இது லிஸ்டில் இல்லல்லோ. மாற்றட்டே?" என்று கேட்டாள். எடுத்துவிடச் சொல்வதுதான் புத்திசாலித்தனம். வெளியே மாமா கண்ணாடியில் மூக்கு அழுந்த நின்றிருந்தார். இருக்கட்டும் என்றேன்.

விசா வந்தது! உறையை மாமாவின் கடையில் வைத்துத்தான் பிரித்தேன். பாஸ்போர்ட்டோடு அந்தப் படமும் திரும்பி வந்திருந்தது. பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்ததை அவர் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே வெகுநேரம் ரசித்தார். பிறகு சாக்கு அடுக்கின் மேல் உட்கார்ந்து அழுதார். வரிச் சான்று சுத்தமாக இருந்ததால் கிடைத்தது என்றார் ஏஜென்சி அம்மணி. படத்தைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள் என்று மாமா. நான் இன்றுவரை மாமா கட்சி.

படித்து முடித்துத் திரும்பி வந்து இங்கேயே இடப்பள்ளியில் வேலை பார்க்கிறேன். மாமா பக்கத்துக் கிடங்கையும் சேர்த்து வாங்கிவிட்டார், அதனால் அவர் வங்கிக் கணக்கு துடைத்துவைத்த பாத்திரமாக இருக்கிறது. இந்த வருடம் பார்த்து அவர் மகளுக்கும் அயர்லாந்தில் இடம் கிடைத்திருக்கிறது. நான்தான் ஸ்பான்சர். போன வாரம் அதே அம்மணி, அதே நாற்காலியில் உட்கார்ந்து, அச்சன் இருக்கும்போது நீ எதற்குச் செலவு செய்கிறாய் என்று கேட்பார்களே என்றார். எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. எத்தனை வருடமாக இந்தக் கேள்விக்குக் காத்திருந்தேன்!

இன்று மதியம் என் மேசையில் தாள்களை ஒழுங்காக அடுக்கினேன். என் வங்கிக் கணக்கு, என் வரிச் சான்று, நான் கையெழுத்திட்ட உறுதிமொழி. நடுவில் அந்தப் படம். சணல் கோத்த ஊசியைப் படத்தின் ஓரத்தில் இருந்த பழைய ஓட்டைகள் வழியாகவே இறக்கினேன். இறுக்கி முடிச்சுப் போடவில்லை, அதே உருவாஞ்சுருக்குதான். நாளை கவுண்டரில் மாமா மகள் பிடித்து இழுப்பதற்கு நூலின் நுனியை நீளமாக விட்டிருக்கிறேன்.