கம்பிகளுக்குப் பெரட்டு எடுத்தவர்

நான் ரேடியோவில் பேசும்போதெல்லாம், கீழே இருக்கும் தேயிலைத் தோட்ட ஆபீஸில் கம்ப்யூட்டர் ஹேங் ஆகி நின்றது. தோட்டப் பள்ளிக்கூட மாஸ்டரான என்னிடம் அமெச்சூர் வானொலி உரிமம் இருந்தும், கூரை மேலுள்ள ஏரியல் கம்பியை இறக்க வேண்டும் என்றார் தோட்டத் துரை. கம்பி போனால் என் ரேடியோ ஊமை. கடைசியாக ஒரு தடவை சோதிப்போம் என்று, சித்திரைப் புத்தாண்டு கழிந்த முதல் சனிக்கிழமை, ஹட்டனிலிருந்து ரேடியோ மெக்கானிக் ஒருவரை வரவழைத்தார்கள்.

கம்பளித் தொப்பி, பாதி மூடிய கண்கள். கையடக்க ரேடியோ ஒன்றைக் காதில் வைத்துக்கொண்டு, ஒட்டுக்கேட்பவர்போல் என் வீட்டு வயர்களின் ஓரமாகவே நடந்தார். ஆபீஸ் அனுப்பிய ஆள்தானே என்று நான் அவர் கைகளையே கவனித்தேன்.

"என்னைய சந்தேகப்படுறீங்களா மாஸ்டர்?"

"நீங்க என் ரேடியோவ சந்தேகப்படுறீங்களே."

"நான் எல்லாத்தையும் சந்தேகப்படுவேங்க. மொதல்ல பெரட்டு எடுப்போம்."

காலைப் பெரட்டில் கொழுந்தெடுக்கும் ஆட்களைப் பேர் சொல்லி அழைப்பதுபோல், வீட்டு மின்சாதனங்கள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போடச் சொன்னார். இடையில் அவரை ரேடியோ பக்கத்தில் விட்டுவிட்டு, நான் தேத்தண்ணி எடுத்துவர உள்ளே போனேன். பிறகு அவர் ஆபீஸுக்கு இறங்கி, கீபோர்டு வயரில் ரேடியோ அலையைத் தடுக்கும் கறுப்பு வளையம் ஒன்றை மாட்டிவிட்டு, போனில் "இப்ப பேசுங்க" என்றார். ரேடியோவில் பேசினேன். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருந்தது.

"குத்தவாளி இந்த வயருதாங்க தொர. மாஸ்டர் கம்பி இருக்கட்டும்," என்று அவர் சொன்னது போனில் கேட்டது.

மாலையில்தான் பார்த்தேன், என் ரேடியோவின் பவர் குமிழ் பாதிக்குக் குறைக்கப்பட்டிருந்தது. கம்பியைக் காப்பாற்றியது வளையமா, அவர் விரலா? குமிழை முழுதாகத் திருப்பினால் தெரிந்துவிடும். இன்றுவரை திருப்பவில்லை.