ஒத்தாசைக்குப் போனவர்

என் பேரப்பிள்ளைகளிடம், உங்கள் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். மூன்றும் ஒரே குரலில், "கூலிக்குப் போறார்" என்று சொல்லும். எந்த முதலாளி, எத்தனை மணிக்குப் போவார், எத்தனை மணிக்கு வருவார், ஆர் வேலை சொல்லுவார் என்பதையும் கேட்காமலே சொல்லும். படிப்பித்தது நான்தான். மருமகளுக்கு இது கொஞ்சமும் பிடிக்காது. "மாமி, மேசன் வேலை எண்டாவது சொல்லிக் குடுங்களேன்" என்பாள். நான் வெற்றிலையை மென்றுகொண்டு காது கேட்காதவள் மாதிரி இருப்பேன். எனக்குக் காது கேட்காமல் போவது இப்படியான நேரங்களில் மட்டும்தான்.

நான் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். வாய் மட்டும் நிற்காமல் மேலே மேலே படித்துக்கொண்டு போய்விட்டது. அந்த வாய் செய்த வேலையைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்கள் பக்கத்தில் குடி என்பது தாய்வழியாக வருவது. ஒரே குடியில் பிறந்த ஆணும் பெண்ணும் ஒரு வயிற்றில் பிறக்காவிட்டாலும் அண்ணன் தங்கைதான். அந்த முறையில், மண்டூர்ப் பக்கத்து வாவிக்கரையில் நெல்லு மில் வைத்திருந்தவர் அம்மாவுக்கு அண்ணன். எனக்கு மில் மாமா. அம்மாவுக்குச் சீதனமாக வந்த வயல் கடனுக்கு ஈட்டில் போய்த் திரும்பவில்லை. அதன் பிறகு அப்பா மில்லுக்குப் போகத் தொடங்கினார். விடியப் போனால் பொழுதுபடத்தான் வருவார். தலையெல்லாம் உமித்தூள். எது நரை, எது தூள் என்று பார்த்துச் சொல்வது எனக்கு விளையாட்டு. கையில் ஒரு பை அரிசி இருக்கும். சில நாள் குறுநல், உடைந்த அரிசி. சனிக்கிழமை கொஞ்சம் காசும் வரும். ஊரில் இதற்குக் கூலி என்று பெயர். எங்கள் வீட்டுக்குள் அந்தச் சொல் வந்ததில்லை.

"அப்பா என்ன வேலை எண்டு ஆரும் கேட்டா என்ன சொல்லணும் மனே?" என்று அம்மா தலை வாரிவிடும்போது கேட்பாள்.

"மில் மாமாக்கு ஒத்தாசைக்குப் போறார்."

"அரிசி?"

"அது அண்ணன் தங்கச்சிக்குக் குடுக்கிறது."

சரியாகச் சொன்னால் ஒரு துண்டு சர்க்கரை கிடைக்கும். நான் தேவாரம் பாடுகிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு சொல்வேன். எனக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பதின்மூன்று. அக்கா இதை ஒருநாளும் சொன்னதில்லை. அம்மா கேட்கத் தொடங்கியதும் வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுவாள். அவளுக்குப் பாடம் வராது என்று நினைத்து, அவளுடைய சர்க்கரையையும் நானே தின்றேன்.

மழைக்காலத்தில், எஞ்சினில் இருந்து மில்லைச் சுற்றவைக்கிற தோல் வார் ஈரம் பிடித்து வழுக்கும். எஞ்சின் ஓடும், மில் நிற்கும். அதற்காகக் குங்கிலியக் கட்டியை வாரில் பிடித்துத் தேய்ப்பார்கள். எஞ்சினை நிறுத்திவிட்டுத் தேய்க்கலாம். ஆனால் நிறுத்தினால் மறுபடி கிளப்ப நேரம் செல்லும் என்று மில் மாமா விடமாட்டார். ஓடுகிற வாரில்தான் தேய்க்க வேண்டும். ஒரு நாள் வார் கட்டியோடு சேர்த்துக் கையையும் இழுத்துக்கொண்டது. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அப்பாவின் வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்தார்கள்.

மில் மாமா சிவப்புச் சோடாப் போத்தல்களோடு வந்து கட்டிலடியில் நின்று அழுதார். அது பொய் அழுகை இல்லை. ஒரு மாதம் அரிசி அனுப்பினார். பிறகு குறுநல் அனுப்பினார். பிறகு பை சுவரில் வெறுமையாகத் தொங்கியது. மில்லில் வேறொருவர் குங்கிலியம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நாட்களில் கொழும்பில் ஒரு வீட்டுக்குச் சமையலுக்குப் பிள்ளை வேண்டும் என்று ஊர்க்காரி ஒருத்தி வந்தாள். அக்காவை ஏற இறங்கப் பார்த்தாள். அம்மா, ஒரு மாதம் பொறுங்க, என்று சொல்லி அனுப்பினாள். எனக்கு ஆத்திரம். கொழும்புக்கு என்னைக் கேட்கவில்லையே என்று.

அம்மா பொறுக்கச் சொன்னதற்குக் காரணம், ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற மிஸ்ஸி சொன்ன ஒரு வார்த்தை. வேலை செய்யும்போது கை போனால் முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும், அதற்குச் சட்டம் இருக்கிறது, ஒரு பிறக்கிராசியைப் போய்ப் பாருங்கள் என்று அவள் சொல்லியிருந்தாள். சட்டத்தரணியை அப்போது அப்படித்தான் சொல்வோம். நட்டஈடு கிடைத்தால் அக்காவை மறித்து வைக்கலாம் என்பது அம்மாவின் எண்ணம்.

மண்டூர்த் துறையில் பாதை ஏறினோம். பாதை என்பது வாவியைக் கடக்கிற பெரிய மிதவை. ஆட்களையும் சைக்கிள்களையும் மாட்டையும் ஏற்றிக்கொண்டு கோல் ஊன்றித் தள்ளுவார்கள். அக்கரையில் பஸ். மடியில் பிறக்கிராசியாருக்கு ஒரு முட்டி எருமைத் தயிர். அதற்குக் காவல் நான். பஸ் குலுங்கிய குலுக்கத்தில் கால்வாசித் தயிர் அப்பாவின் வெறுமையான சட்டைக் கையில் போய்ச் சேர்ந்தது. "இந்தக் கைக்கும் ஒரு பங்கு கிடைச்சிட்டு" என்று அப்பா சிரித்தார்.

பிறக்கிராசியார் கிறிஸ்தவ வேதக்காரர், வயதானவர், மெல்லப் பேசுபவர். தயிரை வாங்கிக்கொண்டார், காசு இப்போது வேண்டாம் என்றார். என்னை வெளியே கிளிக்கூட்டடியில் இருக்கச் சொன்னார். அவருடைய கிளிக்கு நான் ஒரு கெட்ட வார்த்தை படிப்பித்துக்கொண்டிருந்த நேரத்தில் உள்ளே நடந்ததை, அம்மா கிழவியான பிறகுதான் எனக்குச் சொன்னாள்.

சட்டம் வேலைக்காரனுக்குத்தான் நட்டஈடு கொடுக்கும், சொந்தக்காரனுக்கு இல்லை என்றாராம் அவர். மில்லில் பெயர் பதிந்த புத்தகம் ஒன்றும் கிடையாது. எல்லாம் வாய்ச்சொல்லில்தான் நிற்க வேண்டும். தொழில் கந்தோர் என்கிற அரசாங்க அலுவலகத்தில் இருந்து ஒருவர் ஊருக்கு விசாரிக்க வருவார். "நான் கூலிக்காரன், அவர் முதலாளி. இதை விட்டு ஒரு அடி இங்கால அங்கால போகப்படாது. மச்சான் எண்ட சொல்ல வீட்டில வைச்சிட்டு வாங்க" என்று சொல்லி, ஒரு தாளில் அப்பாவின் பெருவிரல் அடையாளத்தை வாங்கியிருக்கிறார். இடது பெருவிரல்தான் எப்போதும் கேட்பார்கள். வலது கை போனதில் அதற்கு மட்டும் ஒரு குறைவும் வரவில்லை.

திரும்பி வரும்போது பாதையில் ஒரு மூலையில் நின்று அப்பா பாடமாக்கினார். "நான் கூலிக்காரன், அவர் முதலாளி." மறுபடியும் அதையே. அம்மா, ஆட்கள் நிற்கிறார்கள், மெதுவாகச் சொல்லுங்கள் என்று முந்தானையை இழுத்து முகத்தை மூடினாள். அப்பா கூத்துக்கு ஆள் சேர்ந்துவிட்டார், வேலைக்காரன் பாத்திரம் கிடைத்திருக்கிறது என்று நான் நினைத்தேன். ராசா வேஷம் கேட்டிருக்கலாமே என்று சொன்னேன். அப்பா, ஒரு கையால் வாள் பிடிப்பது கஷ்டம் மகள், என்றார்.

இரண்டு கிழமை கழித்து ஒரு மத்தியானம். அம்மாவும் அக்காவும் வேறு ஆட்களின் வயலில் வெட்டுக்குப் போயிருந்தார்கள். அப்பா அங்கே ஒற்றைக் கையால் குருவி கலைத்துக்கொண்டிருந்தார். சைக்கிளில் ஒரு ஐயா வந்து வேலியடியில் இறங்கினார். சைக்கிளில் ஒரு பைல் கட்டியிருந்தது.

நான் கதிரையைத் துடைத்துப் போட்டேன். செம்பில் தண்ணீர் கொடுத்தேன்.

"அப்பா எங்க மகள்?"

"வயல் வட்டைக்குப் போயிற்றார். இப்ப வந்திருவார், இரிங்க."

அவர் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சும்மா பேச்சுக்குக் கேட்கிற மாதிரி கேட்டார். "அப்பா முந்தி மில்லில வேலை செஞ்சவர் என்ன?"

எனக்குச் சர்க்கரை வாயில் கரைகிற மாதிரி இருந்தது. கையைக் கட்டிக்கொண்டேன்.

"இல்ல. மில் மாமாக்கு ஒத்தாசைக்குப் போறவர்."

"அப்ப அரிசி குடுக்கிறதாமே?"

"அது அண்ணன் தங்கச்சிக்குக் குடுக்கிறது."

அதோடு நின்றிருக்கலாம். பாராட்டுகிற கண்ணோடு அவர் பார்த்ததால், சொல்லித் தராததையும் சேர்த்துச் சொன்னேன். மில் மாமா அப்பாவை வரச்சொல்லிக் கேட்டதே இல்லை என்றேன். அப்பாவுக்குப் பொழுது போகாததால் போகிறவர் என்றேன். நினைத்த நாளில் போவார், நினைத்த நேரம் வருவார் என்றேன். அவர் எல்லாவற்றையும் எழுதினார். என்னுடைய பேச்சை ஒரு மனிதர் எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை. கடைசித் தடவையும் அதுதான். போகும்போது கெட்டிக்காரப் பிள்ளை என்று சொல்லி ஒரு டொபி தந்தார். அங்கேயிருந்து மில்லுக்குத்தான் போனாராம். மில் மாமாவும் கிட்டத்தட்ட இதே வார்த்தைகளைத்தான் சொல்லியிருக்கிறார்.

அம்மா வந்ததும் ஓடிப் போய்ச் சொன்னேன். "நீங்க சொல்லித் தந்தபடியே எல்லாம் சொன்னன். ஒண்டும் மறக்கல்ல."

அம்மா அரிவாளை வேலியில் செருக வந்தவள், செருகாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். சர்க்கரை கேட்டேன். உள்ளே போய் எடுத்து வந்து தந்தாள். எப்போதும் தருவதைவிடப் பெரிய துண்டு.

அப்பா மறுநாளே பட்டணம் போனார். பிறக்கிராசியார், இதில் பெரிய மோசமில்லை என்றாராம். "ஊரில மதிப்புக்காகத் தாய் அப்பிடிச் சொல்லிக் குடுத்தது, பிள்ளைக்கு உள்ளது தெரியாது எண்டு சொல்லுங்க. அந்த ஒரு சொல் போதும்." அம்மா அதற்கும் ஓம் என்றிருக்கிறாள்.

விசாரணைக்கு என்னையும் கூட்டி வரச்சொல்லிக் கடிதம் வந்தது. நான் புதுச் சட்டை போட்டேன். கந்தோரில் நீளமான வாங்குப் பலகையில் மில் மாமா இருந்தார். அவர் தனியாக வரவில்லை. எங்கள் குடியில் மூத்த ஐந்து பேரைக் கூட்டி வந்திருந்தார். எல்லாரும் அம்மாவுக்கு அண்ணன், அம்மான் முறையானவர்கள். கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி வெள்ளை வேட்டி. மில் மாமா எழுந்து வந்து, "மச்சான், கை இன்னும் நோகுதா?" என்று கேட்டார். அப்பா, இல்ல மச்சான் என்றார். பிறக்கிராசியார் தொண்டையைக் கனைத்தார்.

மேசைக்குப் பின்னால் இருந்த பெரியவர் நான் சொன்னதை வாசித்தார். அவருடைய வாயில் அது இன்னும் நன்றாக இருந்தது. வாசித்துவிட்டு அப்பாவிடம் கேட்டார்.

"உங்கட மகள் சொன்னது பொய்யா?"

அப்பா பிறக்கிராசியாரைப் பார்த்தார்.

"பொய் எண்டால் இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு இதை ஆரு சொல்லிக் குடுத்தது? தாயா?"

வாங்கில் இருந்த ஐந்து பேரும் ஒன்றாக அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா தன் காலைப் பார்த்தாள். அப்பா அம்மாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவருடைய இடது கை, இல்லாத கையைத் தேடுவது போலச் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டது.

"என்ட பிள்ளை பொய் சொல்லாது ஐயா."

பிறக்கிராசியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். பிறகு பைலைக் கட்டினார். படியிறங்கும்போது அப்பாவிடம் கோபமாக ஒன்றும் சொல்லவில்லை, தயிர் நல்ல தயிர் என்று மட்டும் சொன்னார். மில் மாமா எங்கள் எல்லாருக்கும் பஸ்ஸுக்குக் காசு கொடுத்தார். அம்மா அதை வாங்கினாள். அண்ணன் தங்கைக்குக் கொடுக்கிறது.

எனக்கு அந்த நாள் திருவிழா. பாதையில் ஏறியதும் முன்பின் தெரியாத ஆட்களிடமெல்லாம் சொன்னேன். பெரிய கந்தோரில், அத்தனை பெரியவர்களுக்கு முன்னால், எழுந்து நின்று என்னைப் பற்றி அப்பா அப்படிச் சொன்னார் என்று. ஊரிலும் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். அப்பா என்னைத் தடுக்கவில்லை. அம்மாவும் தடுக்கவில்லை. ஒரு நாளாவது ஒருவராவது என்னை ஏசியிருந்தால், நான் இன்னும் கொஞ்சம் முந்தி விளங்கிக்கொண்டிருப்பேன்.

அடுத்த கிழமை ஊர்க்காரி வந்தாள். அக்காவின் உடுப்பெல்லாம் ஒரு சீலைப் பைக்குள் அடங்கிவிட்டன. துறைக்கு நாங்கள் எல்லாரும் போனோம். பாதை வரும்வரை அக்கா என்னைத் தன் முன்னால் இருத்திக்கொண்டாள்.

"அந்த ஐயாட்ட நீ என்ன சொன்ன?"

அதுவரை கேட்காதவள் அவள் ஒருத்திதான். நான் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு முதலில் இருந்து சொன்னேன். ஒத்தாசை, அரிசி, அண்ணன் தங்கச்சி, பொழுது போகாதது, நினைத்த நாளில் போவது, ஒன்றும் விடவில்லை. அவள் குறுக்கே பேசாமல் முழுதும் கேட்டாள். கேட்டு முடித்ததும் என்னைத் திருப்பி, என் தலை ரிப்பனை அவிழ்த்து, மறுபடி சீவி, இறுக்கிக் கட்டிவிட்டாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு பாதையில் ஏறினாள்.

கட்டு இறுகிவிட்டது, தலை நோகிறது, வந்து தளர்த்திவிட்டுப் போ என்று நான் கரையில் நின்று கத்தினேன். கோல் ஊன்றுகிறவர்கள் கூடச் சிரித்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. என் சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை என்று நினைத்து, பாதை அக்கரைக்குப் போய்ச் சேரும்வரை நான் கத்திக்கொண்டே நின்றேன்.