கொலுவேறிய ஆமை

செல்லூர் வீட்டில் கொலுவுக்கென்று வைத்திருந்த பலகைகளை ஒரு வருஷம் என் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். கல்லூரியில் விலங்கியல் வாத்தியார் அவர். எழுமலைப் பக்கமும் கொட்டாம்பட்டிக் கண்மாய்களிலும் அலைந்து பார்த்த உயிர்களை, ஒன்றுக்கு ஓர் அட்டை என்று எழுதி, படிகளில் இனம் இனமாக அடுக்கியிருந்தார். மீன் ஒரு படி, ஆமையும் பாம்பும் ஓணானும் ஒரு படி. வெளியூர்க் கல்லூரி நண்பர் வந்து வாங்கிப்போவதாக ஏற்பாடு. அவர் எழுதிவைத்ததும் இதுவுமாக இரண்டு ஊர் அட்டைகளும் ஒன்றாகச் சேர்ந்தால் எங்கே எது வாழ்கிறது என்று எல்லாருக்கும் தெரியுமாம்.

அதற்குள் நவராத்திரி வந்துவிட்டது. மேல்படிகள் அம்பாளுக்கு, கீழ்ப்படிகள் அட்டைக்கு என்று சமாதானமானோம். கொலுவிலும் உயிரினங்களுக்குக் கீழ்ப்படிதானே, எனக்கும் மனசு ஒப்பியது.

மறுநாள் அவர் நண்பரை அழைத்துவர பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். நான் அடுப்படியில் சுண்டல் தாளித்துவிட்டு வந்து பார்த்தால், என் மதினி, அதாவது அவருடைய அக்கா, கொலு முன்னால் நிற்கிறார். ஆமை, மீன், காட்டுப்பன்றி அட்டைகள் மேல்படியில் பெருமாள் பக்கத்தில். மயில் முருகனிடம், எலி பிள்ளையாரிடம், நாகம் சிவனிடம். எல்லாவற்றுக்கும் குங்குமம், பூ. மிச்ச அட்டைகளை ஒரே கட்டாகச் சேர்த்து ஓரமாக வைத்திருந்தார்.

நண்பரோடு உள்ளே வந்தவர் முகம் வெளுத்துப்போனது.

"என்னக்கா, அம்புட்டையும் கலைச்சுட்டியே!"

"நான் எங்கடா கலைச்சேன்? ஆமையா வந்த பெருமாளக் கொண்டுபோய் ஓணான் பக்கத்துல வச்சிருக்க. இதத்தான் காலேஜுல சொல்லிக் குடுக்குறியா?"

அட்டைகளில் பெயரும் ஊரும் இருந்தன. எந்த இனம் என்பது மட்டும் இல்லை. அது படியின் வரிசையில்தான் இருந்தது. நண்பர் கிளம்புவதற்குள் எப்படி மறுபடி அடுக்குவது என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நண்பரோ சிரித்தார்.

"மாப்ள, அக்கா கலைக்காட்டி பஸ்ஸு கலைச்சிருக்கும். இனத்த அட்டையிலயே எழுது. எந்த ஊருக்குப் போனாலும் தன் இடத்த அதுவே சொல்லணும்."

அம்பாள் முன்னாலேயே உட்கார்ந்தோம். என் வீட்டுக்காரர் இனத்தைச் சொல்லச் சொல்ல நான் அட்டை மூலையில் எழுதினேன். வௌவாலை மட்டும் அவர் சொல்லுமுன்னே பறவை என்று எழுதப்போனேன்.

"அது குட்டி போட்டுப் பால் குடுக்குறதும்மா" என்றார் நண்பர், வாய் நிறையச் சுண்டலோடு. அப்படி உட்கார்ந்து எழுதியது எனக்குப் பூஜை மாதிரியே இருந்தது.

சாயங்காலம் கிளம்பும்போது நண்பர் மேல்படியைப் பார்த்தார்.

"கொலு எறக்குற வரைக்கும் அத யாரும் தொடக் கூடாது" என்றார் மதினி.

"இருக்கட்டும்க்கா, பெருமாள் மெதுவா வரட்டும்" என்று கும்பிட்டுவிட்டு, மற்றதை எடுத்துக்கொண்டு போனார்.

விஜயதசமி கழித்து, மேல்படி அட்டைகளிலும் இனத்தை எழுதி, என் வீட்டுக்காரரே பஸ் ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்தார். குங்குமத்தை அவர் துடைக்கவில்லை.